கிருமி பழகுகிறதா, பிழைக்கிறதா?

வாசகர் கேள்வி – பதில்

மண்ணிலும் நீரிலும் வாழும் பாக்டீரியாக்களைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியானது. அதைப் படித்துவிட்டுக் கடிதம் எழுதியவர்களில் பெரும்பாலோர் ஈரோடு, கோவை, திருப்பூர், நாமக்கல் வட்டாரத்தினர். பல கடிதங்களில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்திருந்ததால், அந்தச் சொல்லைக் கொண்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: முன்பு கேட்ட மருந்து இப்போது கேட்பதில்லை என்றால், கிருமி மருந்துக்குப் பழகிவிட்டது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். மார்கழியிலும் பச்சைத் தண்ணீரில் குளித்துக் குளித்து உடம்பு பழகிக்கொள்வதைப் போலத்தான் பாக்டீரியாவும் பழகுகிறதா?
– கல்லூரி மாணவர், பெருந்துறை

பதில்: ‘பழகிவிட்டது’ என்ற சொல் பேச்சுக்குப் பொருந்தும்; நடப்பதற்குப் பொருந்தாது. பழகுதல் என்றால் ஓர் உயிர் ஒன்றை எதிர்கொண்டு, தாங்கி, தன்னை மாற்றிக்கொள்வது. மருந்து படுகிற பாக்டீரியாக்களில் ஏறக்குறைய எல்லாமே செத்துப்போகின்றன. மிஞ்சுகிற ஒன்றிரண்டு, மருந்து வருவதற்கு முன்பே தற்செயலாக மாறியிருந்தவை. அவற்றின் சந்ததியே பெருகிப் பாத்திரத்தை நிரப்புவதால், வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு மொத்தக் கூட்டமும் பழகிவிட்டதுபோல் தோன்றுகிறது.

இது வெறும் ஊகம் அன்று. லூரியா, டெல்புரூக் என்ற அறிவியலாளர்கள் இருவரும் 1943இல், பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸைக் கொண்டு ஒரு சோதனை செய்தார்கள். தனித்தனிக் குழாய்களில் வளர்த்த கூட்டங்களை வைரஸுக்கு உட்படுத்தியபோது, சில குழாய்களில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. சிலவற்றில் ஒன்றிரண்டும், வேறு சிலவற்றில் நூற்றுக்கணக்கிலும் பிழைத்தன. வைரஸைக் கண்ட பிறகுதான் பாக்டீரியா மாறுகிறது என்றால் எல்லாக் குழாய்களிலும் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றுபோல் இருந்திருக்க வேண்டும். இவ்வளவு ஏற்றத்தாழ்வு வந்ததென்றால், மாற்றம் முன்னதாகவே, ஒரு குழாயில் சீக்கிரமாகவும் இன்னொன்றில் தாமதமாகவும் நிகழ்ந்திருந்தது என்றே கொள்ள முடியும்.

கண்ணால் பார்க்கும்படியான சான்று 1952இல் வந்தது. ஜோஷுவா லெடர்பெர்க், எஸ்தர் லெடர்பெர்க் தம்பதியர் ஒரு தட்டில் வளர்ந்த பாக்டீரியாப் புள்ளிகளை வெல்வெட் துணியில் ஒற்றி எடுத்து, துணிக்கு அச்சுக்கட்டை வைப்பதைப்போல் மருந்து கலந்த வேறு தட்டுகளில் பதித்தார்கள். எல்லாத் தட்டுகளிலும் ஒரே இடத்துப் புள்ளிகளே பிழைத்தன. மருந்தையே கண்டிராத மூலத்தட்டில் அதே இடத்திலிருந்த பாக்டீரியாவை எடுத்துப் பார்த்தபோது, அங்கும் மருந்தைத் தாங்குபவை கிடைத்தன.

தற்செயல் மாற்றத்தை இவ்வளவு நம்பலாமா என்று தோன்றும். குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவின் மரபுநூலில், அதாவது அதன் முழு டி.என்.ஏ.வில், ஏறத்தாழ 46 லட்சம் எழுத்துகள் உள்ளன. ஒருமுறை பிரியும்போது அதைப் படியெடுப்பதில் பிழை நேர்வது அரிது. ஏறக்குறைய ஆயிரம் பிரிதலுக்கு ஒன்று. ஆனால் ஓர் இரவில் வளர்ந்த ஒரு மில்லிலிட்டர் கரைசலில் நூறு கோடிக்கு மேற்பட்ட செல்கள் இருக்கும் என்னும்போது, ஏதோ ஒரு பிழையைச் சுமப்பவை மட்டும் லட்சக்கணக்கில் தேறும். அவற்றில் பெரும்பாலான பிழைகளால் பயனும் இல்லை, கேடும் இல்லை, சிலவற்றால் கேடுதான். மருந்தைத் தாங்க உதவுவது அரிதாக ஏதோ ஒன்றிரண்டுதான்.

உண்மையாகவே ‘பழகுதல்’ என்று சொல்லத்தக்க செயலும் பாக்டீரியாவிடம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். பால் சர்க்கரை கிடைத்தால் அதைச் செரிக்கும் நொதியைத் தயாரிப்பதும், அது தீர்ந்ததும் நிறுத்திவிடுவதும் ஈ.கோலையின் வழக்கம். இந்தத் திறப்பும் மூடலும் எப்படி நடக்கின்றன என்பதை ஜேக்கப், மோனோ இருவரும் 1961இல் விளக்கினார்கள். அதில் மரபுநூலின் எழுத்து எதுவும் மாறுவதில்லை. உங்கள் பச்சைத் தண்ணீர்க் குளியலுக்கு நிகரானது இதுதான்.

கேள்வி: பாக்டீரியா இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அப்படியானால் நம் தோட்டத்து மண்ணில் ஒரே நாளில் எழுபது தலைமுறை கடந்துவிடுமா?
– பள்ளி ஆசிரியை, காங்கயம்

பதில்: கடக்காது. இருபது நிமிடக் கணக்கு, இதமான வெப்பமும் நிறைந்த உணவும் உள்ள ஆய்வுக்கூடக் குடுவைக்கு உரியது. காங்கயத்துக் கோடையில் காய்ந்து கிடக்கும் கொறங்காட்டு மண்ணில் பெரும்பாலான பாக்டீரியா முடங்கித்தான் கிடக்கும். சில இனங்கள் தடித்த உறை போர்த்த வித்துகளாக மாறி மழைக்குக் காத்திருக்கும். ஒருமுறை பிரிவதற்கே பல நாள்கள், சில வேளைகளில் அதைவிட நெடுங்காலம் ஆகலாம்.

கேள்வி: நாற்பது ஆண்டுகளுக்கு முன் எங்கள் கரும்புத் தோட்டத்திலும் நெல் வயலிலும் பி.எச்.சி. என்ற பூச்சிக்கொல்லிப் பவுடரை மூட்டை மூட்டையாகத் தூவினோம். தூவியவன் என்ற முறையில் கேட்கிறேன்: அந்த நஞ்சு இப்போதும் மண்ணில் அப்படியே இருக்கிறதா? அதைத் தின்று தீர்க்கும் பாக்டீரியா தோன்றிவிட்டது என்று என் பேரன் சொல்கிறானே, மனிதன் உண்டாக்கிய பொருளைத் தின்ன அதற்கு யார் கற்றுக்கொடுத்தது?
– விவசாயி, கோபிசெட்டிபாளையம்

பதில்: இந்த மாதம் வந்தவற்றில் மிகச் சிறந்த கேள்வி இது. சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பி.எச்.சி. என்று தாங்கள் தூவியது, ஆறு கார்பன் கொண்ட வளையத்தில் ஆறு குளோரின் அணுக்கள் ஒட்டிய ஒரு சேர்மம். மைக்கேல் ஃபாரடே 1825இல் இதை முதன்முதலில் தயாரித்தார். பூச்சியைக் கொல்லும் என்று தெரியவந்தது 1940களில்தான். ஒரே சேர்மம் பல வடிவங்களில் அமையும் என்பதும், அவற்றில் லிண்டேன் எனப்படும் காமா வடிவம் மட்டுமே பூச்சியைக் கொல்லும் என்பதும் கவனிக்கத்தக்கவை. பவுடரில் காமா ஏறக்குறைய 10 முதல் 15 விழுக்காடுதான். மீதியெல்லாம் பயிருக்குப் பயனின்றி மண்ணில் சேர்ந்த வீண்சுமை. இந்தியாவில் பி.எச்.சி. 1997இல் தடைசெய்யப்பட்டது.

பேரன் சொன்னது சரியே. லிண்டேனைச் சிதைக்கும் பாக்டீரியாக்களை ஜப்பான், பிரான்சு, இந்தியா ஆகிய மூன்று நாடுகளிலும் கண்டெடுத்திருக்கிறார்கள். ஸ்பிங்கோபியம் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்த அவற்றை ஜப்பானிகம், ஃபிரான்சென்ஸ், இண்டிகம் என்று நாட்டின் பெயராலேயே பிரித்து வழங்குகிறார்கள். நம் நாட்டுப் பாக்டீரியா கிடைத்தது பயிரின் வேர்மண்ணிலிருந்து. ஒரு நொதி குளோரினையும் ஹைட்ரஜனையும் சேர்த்துப் பிடுங்கி எறிகிறது. இன்னொன்று குளோரின் இருந்த இடத்தில் நீரிலிருந்து வரும் தொகுதியைப் பொருத்துகிறது. குளோரின் நீங்க நீங்க, எஞ்சிய வளையம் பாக்டீரியாவால் உண்ணக்கூடியதாகிவிடுகிறது. இந்த நொதிகளுக்கான மரபணுக்களை ‘லின்’ மரபணுக்கள் என்பார்கள்.

யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டீர்கள். கடல் கடந்து கிடக்கும் இந்த மூன்று நாட்டுப் பாக்டீரியாக்களிலும் லின் மரபணுக்கள் ஏறத்தாழ ஒன்றுபோலவே உள்ளன. அவற்றின் அருகில் ஐ.எஸ்.6100 என்ற சிறு துண்டு திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. தன்னையும் பக்கத்திலிருப்பதையும் பெயர்த்து எடுத்து மரபுநூலின் வேறிடத்தில் செருகவல்ல ‘தாவும் துண்டு’ அது. ஜப்பானியப் பாக்டீரியாவில் லின் மரபணுக்கள் ஒரே இடத்தில் வரிசையாக இல்லாமல், சில குரோமோசோமிலும் சில பிளாஸ்மிட்டிலும் சிதறிக் கிடக்கின்றன. பிளாஸ்மிட் என்பது குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் டி.என்.ஏ. வளையம், பாக்டீரியாவிலிருந்து பாக்டீரியாவுக்குக் கைமாறவும் வல்லது. ஆக, ஒரே உயிர் உட்கார்ந்து புதிதாகக் கண்டுபிடித்த வித்தை இது அன்று. ஒரு தோட்டத்துச் சாளையின் விட்டம், இன்னொரு வீட்டின் கதவு, சந்தையில் வாங்கிய பழைய ஓடு என்று சேர்த்துக் கட்டிய வீட்டைப்போல, அங்கங்கே வேறு வேலைக்கு இருந்த மரபணுக்கள் ஒன்றுசேர்ந்து அமைந்த வழி.

பாக்டீரியா மரபணுவைக் கைமாற்றுவதற்கு மூன்று வழிகள் உண்டு. செத்த செல்லிலிருந்து கசிந்த டி.என்.ஏ.வை உறிஞ்சிக்கொள்வது ஒன்று. 1928இல் கிரிஃபித் நிமோனியா பாக்டீரியாவில் கண்டது அதன் முதல் தடயம். இரு செல்கள் ஒட்டி நின்று நேரடியாகக் கொடுத்து வாங்குவது இன்னொன்று. 1946இல் லெடர்பெர்க்கும் டேட்டமும் காட்டியது. ஒரு பாக்டீரியாவின் மரபணுவை வைரஸ் தவறுதலாகச் சுமந்துபோய் இன்னொரு பாக்டீரியாவில் இறக்கிவிடுவது மூன்றாவது. நமக்குப் பெற்றோரிடமிருந்து மட்டுமே மரபணு வருகிறது; பாக்டீரியாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்தும் வருகிறது. இயற்கைச் சூழலில் அது விரைவாக மாறுவதற்கு, எழுத்துப் பிழைகளைவிட இந்தக் கைமாற்றமே பல வேளைகளில் பெரிய காரணம் என்பது என் கருத்து.

தங்கள் தோட்டத்து மண்ணைப் பொறுத்தவரை, காமா வடிவம் இத்தனை ஆண்டுகளில் பெரிதும் சிதைந்திருக்க வாய்ப்புண்டு. பீட்டா வடிவம் மட்டும் மிகவும் அழுத்தமானது. எளிதில் கரையாது, எளிதில் சிதையாது. பாக்டீரியா தோன்றிவிட்டது என்பதால் மண் தூய்மையாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று பேரனிடம் சொல்லுங்கள்.

கேள்வி: பெங்களூரில் இருக்கும் மகள் வீட்டுக்கு, எங்கள் எருமைத் தயிரிலிருந்து உறைமோர் எடுத்துப்போய்க் கொடுத்தேன். ஒரே மாதத்தில் சுவை மாறிவிட்டது. இட்லி மாவும் அங்கே இங்குபோல் பொங்குவதில்லை. ஊர் மாறினால் பாக்டீரியாவின் குணமும் மாறிவிடுமா?
– குடும்பத் தலைவி, பவானி

பதில்: ஒரு மாதத்தில் மாறியது பாக்டீரியாவின் குணமாக இருக்க வாய்ப்பில்லை, கூட்டத்தில் யார் எத்தனை பேர் என்பதுதான் மாறியிருக்கும். இட்லி மாவையே எடுத்துக்கொள்ளுங்கள். உளுந்தோடு வரும் லியூக்கோனோஸ்டாக் என்ற பாக்டீரியா முதலில் பெருகி, கரியமில வாயுவை வெளியிட்டு மாவைத் தூக்குகிறது. உளுந்தின் வழவழப்பு அந்த வாயுவைக் குமிழிகளாகப் பிடித்துவைத்துக்கொள்கிறது. புளிப்பு ஏற ஏற, அதைத் தாங்கும் வேறு பாக்டீரியாக்கள் கை ஓங்குகின்றன. காலையில் தூக்குப்போசியின் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும் மாவு, முந்தின இரவு கரைத்தபோது இருந்த கூட்டம் அன்று. ஆனால் இது ஆள் மாறியதே தவிர, பரிணாமம் அன்று. பெங்களூரின் குளிரில் இந்த ஆள்மாற்றம் மெதுவாகவும் வேறு விதமாகவும் நடக்கும். தயிருக்கு அங்கே பாலும் எருமைப்பால் அன்று, பாக்கெட் பால். மாவைக் கரைக்கும்போது வெதுவெதுப்பான நீர் சேர்த்து, சமையலறையில் சூடான மூலையில் வைக்கச் சொல்லுங்கள்.

பால் என்ற சூழலுக்கேற்பப் பாக்டீரியா உண்மையிலேயே மாறியதற்கும் சான்று இருக்கிறது. தயிரில் இருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸின் மரபணுக்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு பழுதாகிச் செயலிழந்து கிடக்கிறது. அதன் நெருங்கிய உறவினர்களில் மனிதருக்கு நோய் உண்டாக்குபவையும் உண்டு. பாலில் எல்லாம் தயாராகக் கிடைப்பதால், அங்கே தேவைப்படாத மரபணுக்கள் பழுதானபோது அதனால் எந்த நட்டமும் நேரவில்லை. பரிணாமம் என்றால் ஏதாவது கூடிக்கொண்டே போவது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இன்னொரு சோதனையில், பச்சைப்பயறு முளையிலிருந்து எடுத்த லாக்டோகாக்கஸை ஆயிரம் தலைமுறை பாலிலேயே வளர்த்தார்கள். 2012இல் வெளியான அதன் முடிவின்படி, பயறில் வாழ்ந்த பாக்டீரியா பாலில் முன்னைவிட நன்றாக வளரவும் விரைவாகப் புளிக்கவைக்கவும் தொடங்கியிருந்தது.

பெருந்துறை மாணவருக்குச் சொன்னதற்கு ஒரு விலக்கும் இந்தத் தயிர்ப் பாக்டீரியாவிடமே உள்ளது. தன்னைத் தாக்கிய வைரஸின் டி.என்.ஏ.விலிருந்து ஒரு துண்டை வெட்டித் தன் மரபுநூலில் ஒட்டிவைத்துக்கொண்டு, அடுத்த முறை அதே வைரஸ் வந்தால் அடையாளம் கண்டு அழித்துவிடுகிறது என்பதை 2007இல் இதில்தான் நிரூபித்தார்கள். அந்தத் துண்டு சந்ததிக்கும் போகிறது. பட்டறிவு பரம்பரைச் சொத்தாகும் இத்தகைய நிகழ்ச்சி உயிருலகில் மிக அரிது.

கேள்வி: சாயக்கழிவைத் தின்னும் பாக்டீரியா நொய்யல் மண்ணிலேயே இருக்கிறது என்கிறார்கள். அப்படியிருக்க, சுத்திகரிப்புக்கு இத்தனை செலவு எதற்கு?
– பனியன் நிறுவன ஊழியர், திருப்பூர்

பதில்: சாயம் வேறு, சாயக்கழிவு வேறு. பனியன் துணிக்குப் பயன்படும் சாயங்களில் பல ‘அசோ’ வகையைச் சேர்ந்தவை. இரண்டு நைட்ரஜன் அணுக்களின் பிணைப்பே அவற்றின் நிறத்துக்கு ஆதாரம். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வாழும் பல பாக்டீரியாக்கள் அந்தப் பிணைப்பை வெட்டிவிடும்; நிறம் போய்விடும். இந்தத் திறமை சாயப்பட்டறை வந்த பிறகு உண்டானதும் அன்று. 1935இல் வெளிவந்த முதல் சல்ஃபா மருந்தான புரோன்டோசில், உண்மையில் ஒரு சிவப்பு அசோ சாயம். உடலுக்குள் அது வெட்டப்பட்ட பிறகே மருந்தாக வேலை செய்தது. நம் குடல் பாக்டீரியாவுக்கே அந்த வித்தை தெரியும்.

நிறம் போன பிறகு மிஞ்சும் அமின்கள் என்ற சிதைவுப் பொருள்களில் சில, சாயத்தைவிடக் கொடியவை. அவற்றைச் சிதைக்க ஆக்சிஜன் உள்ள வேறு சூழலும் வேறு பாக்டீரியாக்களும் தேவை. எல்லாவற்றுக்கும் மேலாக உப்பு இருக்கிறது. சாயம் நூலில் ஏறுவதற்காகக் கொட்டப்படும் உப்பை எந்தப் பாக்டீரியாவும் தின்று தீர்க்காது. உப்பு மிகுந்தால் பொட்டாசியத்தையோ சில கரிமப் பொருள்களையோ உள்ளே சேர்த்துவைத்து, தன் உடல் நீர் வெளியேறாமல் அது தன்னைக் காத்துக்கொள்ளும். உப்பு நீரிலேயே இருக்கும். நொய்யலின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவோடு தேங்கிய நீர், அணை கட்டிய நோக்கத்துக்கே மாறாகப் பாசனத்துக்கு உதவாமல் போனதும், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் தாங்கள் அறிந்தவை. பாக்டீரியாவைக் காட்டிச் செலவைக் குறைக்கலாம் என்று எவராவது சொன்னால், உப்புக்கு என்ன வழி என்று கேளுங்கள்.

கேள்வி: கோழித் தீவனத்தில் கோலிஸ்டின் கலக்கக் கூடாது என்று தடை வந்த பிறகு, பாக்டீரியா பழைய நிலைக்குத் திரும்பிவிடுமா?
– கோழிப்பண்ணை மேலாளர், நாமக்கல்

பதில்: ஓரளவுக்குத் திரும்பும், முற்றிலும் திரும்பும் என்று எதிர்பார்க்க முடியாது. வேறு மருந்து எதுவும் கேட்காத நோயாளிக்குக் கடைசியாகக் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று கோலிஸ்டின். அதைத் தாங்க உதவும் எம்.சி.ஆர்-1 என்ற மரபணு, பிளாஸ்மிட்டில் ஏறிப் பரவுகிறது என்று 2015 நவம்பரில் சீனாவிலிருந்து செய்தி வந்தது. இந்தியாவில் உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிக்கும் இதைத் தயாரித்து விற்பது 2019 ஜூலையில் தடைசெய்யப்பட்டது.

அந்த மரபணு பாக்டீரியாவின் மேலுறையை மாற்றி மருந்து ஒட்டாமல் செய்கிறது. ஆனால் மேலுறை மாறுவது பாக்டீரியாவுக்கும் சுமைதான். மருந்து இல்லாத இடத்தில், சுமையில்லாதவை முந்திக்கொள்ளும். வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலப்பதைச் சீனா 2017இல் தடைசெய்த பிறகு, பன்றி, கோழி, மனிதர் ஆகிய மூன்றிலும் இந்த மரபணுவின் பரவல் கணிசமாகக் குறைந்தது. ஆயினும் சில பாக்டீரியாக்களில் அந்தச் சுமையை ஈடுகட்டும் வேறு மாற்றங்கள் நேர்ந்துவிடுவதுண்டு. அவை மருந்து இல்லாமலும் நிலைத்திருக்கும். ஒரே பிளாஸ்மிட்டில் பல மருந்துகளுக்கான மரபணுக்கள் சேர்ந்திருந்தால், தாங்கள் வேறொரு மருந்தைக் கொடுக்கும்போதுகூட இதுவும் சேர்ந்து பிழைத்துக்கொள்ளும். பண்ணையில் ஒரு மருந்தை நிறுத்திவிட்டு இன்னொன்றை அதே தாராளத்தோடு கொடுப்பதால் பயன் குறைவு என்பதற்கு அதுவே காரணம்.

கேள்வி: நிலக்கடலை விதையோடு ஒவ்வோர் ஆண்டும் ரைசோபியம் பொட்டலம் கலக்கத்தான் வேண்டுமா? ஒருமுறை போட்ட பாக்டீரியா மண்ணிலேயே இருந்துவிடாதா?
– விவசாயி, உடுமலைப்பேட்டை

பதில்: ரைசோபியம் என்பது பயறுவகைச் செடியின் வேரில் முடிச்சுப் போட்டு, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும் பாக்டீரியா. அது மண்ணில் இருந்துவிடலாம், ஆனால் போட்டபடியே இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. நியூசிலாந்தில், லோட்டஸ் என்ற தீவனப் பயறுச்செடிக்கு ஏற்ற வேர்முடிச்சுப் பாக்டீரியா இல்லாத நிலத்தில், ஒரே ஒரு வகையை விதையோடு இட்டார்கள். ஏழு ஆண்டுகள் கழித்து முடிச்சுகளை ஆராய்ந்தபோது, உள்ளே பலவகைப் பாக்டீரியாக்கள் இருந்தன. முடிச்சுப் போடத் தெரியாமல் அந்த மண்ணில் வாழ்ந்துவந்த உள்ளூர்ப் பாக்டீரியாக்கள், விதையோடு வந்த பாக்டீரியாவிடமிருந்து ஏறத்தாழ 5 லட்சம் எழுத்து நீளமுள்ள மரபணுத் தொகுதியை அப்படியே பெற்றுக்கொண்டிருந்தன. 1995இல் வெளியான ஆய்வு இது. கோபி விவசாயிக்குச் சொன்ன கைமாற்றம், திறந்தவெளியில் நிகழ்ந்ததற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

இப்படி உருவாகும் உள்ளூர் வகைகள் மண்ணில் பிழைப்பதில் கெட்டி. தழைச்சத்தைப் பிடித்துத் தருவதில் எல்லாமே கெட்டி என்று சொல்ல முடியாது. முடிச்சில் இடம்பிடிப்பதில் பொட்டலத்துப் பாக்டீரியாவை அவை முந்தவும் கூடும். செடியும் சும்மா இருப்பதில்லை: தழைச்சத்துத் தராத முடிச்சுக்குச் சோயா செடி ஆதரவைக் குறைத்துவிடுவதையும், உள்ளே இருக்கும் பாக்டீரியாவின் பெருக்கம் அதனால் குன்றுவதையும் 2003இல் காட்டினார்கள்.

தங்கள் நிலத்தில் என்ன நடக்கிறது என்பதைத் தாங்களே பார்த்துவிடலாம். விதைத்த நாற்பது நாள் வாக்கில், ஈரமான மண்ணிலிருந்து ஐந்தாறு செடிகளை வேர் அறாமல் மண்வெட்டியால் கிளறி எடுத்து, மெதுவாக நீரில் அலசி, முடிச்சுகளை நகத்தால் கீறிப் பாருங்கள். பெரும்பாலானவற்றின் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் மண்ணிலுள்ள கூட்டம் வேலை செய்கிறது. அடுத்த பட்டத்துக்குப் பொட்டலச் செலவை மிச்சப்படுத்தலாம். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தாலும், முடிச்சே குறைவாக இருந்தாலும், ஆறிய அரிசிக் கஞ்சியில் பொட்டலத்தைக் கலந்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி விதையுங்கள். பூஞ்சாணக்கொல்லி கலப்பதாக இருந்தால் அதை ஒரு நாள் முன்னதாகவே கலந்துவிடுங்கள்.